வேலை உடம்பைத் தேய்க்கும், பயிற்சி உடம்பைக் காக்கும்

(தோட்டத்துக்குள் ஒரு கூட்டு உடற்பயிற்சி நிலையம் – குடும்பத்தோடு வாசிக்க ஒரு பாடம்)



இந்த இதழில் நாங்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் உடற்பயிற்சி. பழைய ஆட்கள் இதைத் தேகப்பியாசம் என்பார்கள். தலைப்பைப் பார்த்ததுமே சில பேர் சிரிப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். லயங்களுக்கு வரும்போது நாங்கள் கேட்கிற பேச்சு இதுதான்: "காலையில பெரட்டுக்குப் போனா பொழுது சாயுற வரைக்கும் மலையிலதான் நிக்கிறோம். ஏறுறோம், இறங்குறோம், சுமக்கிறோம். இதுக்கு மேல எங்களுக்கு என்னத்துக்கு எக்சசைஸ்? அதெல்லாம் டவுன்ல கதிரையில குந்தி வேலை செய்யிறவங்களுக்கு."

இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் 'பயிற்சி செய்யுங்கள்' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே முதலில் அந்தக் கேள்விக்கே வருவோம்.

மலையில் ஒரு நாள்: உடம்புக்கு என்ன நடக்கிறது?

கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவை எடுத்துக்கொள்வோம். கூடையின் கயிறு தலையில் இழுக்கிறது. அதைத் தாங்குவதற்காகக் கழுத்து முன்னால் நீண்டு நிற்கிறது. முதுகு குனிந்தபடி இருக்கிறது. இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னாலேயே ஓடுகின்றன. கையைப் பின்னால் கொண்டுபோகிற வேலை நாள் முழுக்க இல்லை. விரல்கள் ஒரே அசைவை ஆயிரக்கணக்கான தடவை செய்கின்றன. கூடை நிறைந்து பாரத்தோடு இறக்கத்தில் வரும்போது முழங்கால்தான் பிரேக் மாதிரி வேலை செய்கிறது.

கவ்வாத்து வெட்டும் தம்பிக்கு ஒரு கைதான் உழைக்கிறது. உடம்பும் ஒரே பக்கமாகத் திரும்புகிறது. மருந்தடிக்கிறவர் முதுகில் டாங்கியைச் சுமக்கிறார். ஸ்டோரில் இரவு வேலை செய்கிறவர் சிமெந்துத் தரையில் மணிக்கணக்காக நிற்கிறார்.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. வேலை நம் உடம்பின் சில பாகங்களை மட்டும் திரும்பத் திரும்பப் பாவிக்கிறது. மற்றப் பாகங்கள் சும்மா கிடக்கின்றன. அதிகம் பாவிக்கிற பாகம் தேய்கிறது, பாவிக்காத பாகம் பலம் குறைகிறது. நாற்பது வயது தாண்டியதும் கழுத்து, இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வலிக்கத் தொடங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தேயிலைச் செடியையே பாருங்கள். கொழுந்து எடுத்துக்கொண்டே இருந்தால் செடி நிற்குமா? அதற்கு உரம் போடுகிறோம், கவ்வாத்துப் பண்ணுகிறோம், கவ்வாத்துக்குப் பிறகு தளிர்க்கக் காலம் கொடுக்கிறோம். செடிக்குச் செய்வதை நம் உடம்புக்கு நாம் செய்வதில்லை. உடற்பயிற்சி என்பது உழைத்த உடம்புக்கு இன்னும் ஒரு வேலை என்று நினைக்க வேண்டாம். வேலை வளைத்ததை நிமிர்த்துவதும், வேலை தொடாத பாகத்தைப் பலப்படுத்துவதும்தான் பயிற்சி.

பஸ் டிரைவரும் கண்டக்டரும்

உடல் அசைவுக்கும் இருதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகத்துக்கு எடுத்துக்காட்டிய ஒரு பெயர்பெற்ற ஆராய்ச்சி பஸ்ஸில்தான் நடந்தது. லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற வைத்திய ஆராய்ச்சியாளர் இரட்டைத் தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். கொழும்பில் முன்னே ஓடிய இரட்டைத் தட்டு பஸ்ஸை வயதானவர்கள் கண்டிருப்பீர்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் போடுவதற்காகப் படியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். சம்பளம், வாழ்க்கை எல்லாம் ஏறக்குறைய ஒன்று. ஆனாலும் கண்டக்டர்மாரை விட டிரைவர்மாருக்கு இருதய வருத்தம் அதிகமாக வந்தது. 1953ஆம் ஆண்டில் இது வைத்தியச் சஞ்சிகையில் வெளியானது.

"அப்போ மலை ஏறுற எங்களுக்கு அந்தக் கண்டக்டர் மாதிரி நல்லதுதானே?" என்று கேட்பீர்கள். பாதி சரி. மலை ஏறுவதும் நடப்பதும் இருதயத்துக்கு நல்லதுதான். ஆனால் பிந்திய ஆராய்ச்சிகள் இன்னொரு பக்கத்தையும் காட்டுகின்றன. டென்மார்க் நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களைப் பல வருடம் கவனித்து, 2021இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்துப் பயிற்சி செய்தவர்களுக்கு இருதய வருத்தம் குறைந்திருந்தது. வேலையில் மட்டும் கடுமையாக உழைத்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. அவர்களுக்கு ஆபத்து கூடியே இருந்தது.

காரணம் என்னவாக இருக்கலாம்? ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் விளக்கம் நமக்கும் பொருந்தும். பயிற்சியில் கொஞ்ச நேரம் வேகமாகச் செய்து, பிறகு ஆறுகிறோம். இருதயம் பலப்படுகிறது. வேலையிலோ எட்டு மணித்தியாலம், ஆறுவதற்கு நேரமில்லை. பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் கூடுகிறது. அது நாள் முழுக்கக் கூடியபடியே நிற்கிறது. வேகத்தையும் ஓய்வையும் நாம் தீர்மானிப்பதில்லை, வேலைதான் தீர்மானிக்கிறது.

ஆக, 'வேலை செய்கிறோம், அதனால் பயிற்சி வேண்டாம்' என்ற கணக்கு சரிவராது.

மலை நின்ற பிறகு

இன்னொரு கூட்டத்தார் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், வோச்சர் வேலை செய்கிறவர்கள், கொழும்பில் கடைக்குப் போய்த் திரும்பி வந்த இளைஞர்கள், ஒப்பீஸில் வேலை செய்கிறவர்கள். இவர்களுக்கு மலை ஏற்றம் நின்றுவிட்டது, ஆனால் சாப்பாடு நிற்கவில்லை. மலை ஏறிய காலத்தில் சாப்பிட்ட அதே கோதுமை மா ரொட்டி, அதே சீனி போட்ட தேத்தண்ணி. எரிக்கப்படாத சாப்பாடு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகச் சேர்கிறது. நமது தெற்காசிய உடம்புக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை என்று வைத்தியர்கள் வைத்திருக்கிறார்கள். ஆள் மெலிந்திருந்தாலும் வயிறு மட்டும் முன்னுக்கு வந்திருந்தால் கவனம் தேவை.

சீனி வருத்தத்தைப் பயிற்சியால் தடுக்க முடியுமா? சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் தலைமையில் ஓர் ஆராய்ச்சி நடந்து, 2006இல் முடிவு வெளியானது. சீனி வருத்தம் வரும் எல்லையில் இருந்த 531 பேரை எடுத்து மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கம்போல இருந்தவர்களில் 100க்கு 55 பேருக்கு சீனி வருத்தம் வந்தது. நடை, பயிற்சி, சாப்பாட்டு மாற்றம் ஆகியவற்றைச் செய்தவர்களில் 100க்கு 39 பேருக்குத்தான் வந்தது. எல்லாருக்கும் தடுக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் 100 வீட்டில் 16 வீடு தப்பியது என்றால், அது சின்ன விசயமா?

இது எப்படி நடக்கிறது? நாம் தசையை அசைக்கும்போது தசை இரத்தத்திலுள்ள சீனியை எடுத்து எரிக்கிறது. பயிற்சி முடிந்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரைக்கும் தசை சீனியை நன்றாக ஏற்கும். அதன் பிறகு அந்தப் பலன் குறைந்துவிடும். அதனால்தான் இரண்டு நாளைக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் மூச்சு முட்டச் செய்வதை விட, மூன்று நாள் அளவாகச் செய்வது நல்லது என்பதற்கும் இதுதான் காரணம். பிரஷர் உள்ளவர்கள் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் மேல் அளவு சாதாரணமாக 5 முதல் 8 வரை குறையும். ஆனால் குறைந்துவிட்டது என்று மருந்தை நீங்களாக நிறுத்தக்கூடாது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு இது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை வேக நடை போன்ற அளவான பயிற்சி. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு விழாமல் நிற்பதற்கான பயிற்சி வாரத்தில் மூன்று நாள். ஐந்து முதல் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாளும் 60 நிமிட ஓட்டம், விளையாட்டு.

ஏன் கூட்டாகச் செய்ய வேண்டும்?

தனியாகச் செய்ய முடியாதா? முடியும். ஆனால் எத்தனை நாளைக்கு? மழை பெய்யும், பனி கொட்டும், உடம்பு அலுப்பாக இருக்கும், 'நாளைக்குப் பார்ப்போம்' என்று மனசு சொல்லும். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் பிள்ளைகள் படிக்கும்போது கையை வீசவும் இடம் கிடையாது.

டவுனில் ஜிம் இருக்கிறது. பஸ் காசு, மாதக் காசு, போய்வரும் நேரம் எல்லாம் சேர்த்தால் நமக்கு ஏலாது. அங்கே கண்ணாடி முன்னால் இரும்பு தூக்கும் இளைஞர்களுக்கு நடுவே நமது பெரியம்மா போய் நிற்பாரா? நிற்கமாட்டார். நமக்குத் தேவை நம்ம ஆட்களே நடத்துகிற, வயதைப் பார்த்தோ உடம்பைப் பார்த்தோ யாரும் சிரிக்காத ஓர் இடம்.

எங்கள் பகுதியில் ஒரு டிவிசனில் இப்படி ஒரு குழு தொடங்கியது. முதல் வாரம் மண்டபம் நிறையச் சனம். ஆறாவது வாரம் ஏழு பேர். அந்த ஏழு பேரும் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். ஒரு கொப்பியில் பேர் எழுதுவது, இரண்டு தடவை வராதவர் வீட்டுக்கு அடுத்த நாளே இரண்டு பேர் போவது. 'ஏன் வரல்ல' என்று குற்றம் பிடிக்கப் போவதில்லை. "ரெண்டு நாளா காணலையே அக்கா, சொகமில்லையா?" என்று கேட்கத்தான் போவார்கள்.

அப்படிப் போனபோது ஒரு வீட்டில் அந்த அக்கா தலையில் துணியைக் கட்டிக்கொண்டு இஸ்தோப்பில் படுத்திருந்தார். மூன்று நாளாகத் தலையிடி. 'வெயில்ல நின்னது, சரியாயிரும்' என்று வேலைக்கும் போய் வந்திருக்கிறார். வந்த இருவரும் விடவில்லை, டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிரஷர் 180க்கு மேல். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இன்று அவர் மருந்து எடுத்துக்கொண்டு வேலைக்கும் போகிறார், மண்டபத்துக்கும் வருகிறார். அவரைக் காப்பாற்றியது பயிற்சி என்று நாங்கள் சொல்லமாட்டோம். 'காணலையே' என்று தேடிப்போக ஆள் இருந்ததுதான் காப்பாற்றியது. கூட்டாகச் செய்வதன் பெரிய பலனே இதுதான். அந்தக் குழுவில் ஆட்கள் திரும்பக் கூடியதும் அதற்குப் பிறகுதான்.

எங்கே? எதைக் கொண்டு?

இடத்துக்குத் தோட்டத்துக் கலாசார மண்டபம், வாசிகசாலை, கிளப், பிள்ளை மடுவத்தின் முன் திண்ணை, மழையில்லாத நாளில் பெரட்டுக் களம், எது கிடைக்கிறதோ அது போதும். மண்டபத்தின் சாவி ஒப்பீஸில் இருந்தால், குழுவின் ஐந்து பேர் கையொப்பமிட்டுத் துரைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணி, யார் பொறுப்பு என்று தெளிவாக எழுதுங்கள். பொறுப்பான ஆள் இருந்தால் சாவி கிடைப்பது லேசு.

சாமான் வாங்கக் காசு வேண்டாம்.

• ஒரு லீற்றர் போத்தலில் தண்ணீர் நிரப்பினால் ஒரு கிலோ பாரம். மணல் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. 
• பழைய சைக்கிள் டியூப்பை வெட்டினால் இழுத்துப் பலப்படுத்தும் பட்டி. 
• உறுதியான வாங்கு ஒன்று உட்கார்ந்து எழும்பும் பயிற்சிக்கு. 
• சாக்கும் பாயும் படுத்துச் செய்யும் பயிற்சிக்கு. 
• ஒரு சுவர், ஒரு மணிக்கூடு, ஒரு கொப்பி.

சேருவதற்கு முன்னால்

35 வயதுக்கு மேற்பட்டவர்கள் முதலில் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டிலிருந்து சுகாதார அமைச்சு ஆஸ்பத்திரிகளில் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களை நடத்துகிறது. அங்கே நிறை, உயரம், பிரஷர், சீனி எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். உங்களுக்குக் கிட்டிய ஆஸ்பத்திரியில் எந்த நாள் என்று டிஸ்பென்சரியில் கேளுங்கள். தனியாகப் போகாமல் குழுவாகப் போனால் பயமும் இல்லை, பஸ்ஸில் பேச்சுத் துணையும் இருக்கும்.

பிரஷர் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றுச் சீனி 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலும் அப்படியே. எந்த நேரமும் களைப்பு, முகம் வெளிறல், படி ஏறினால் படபடப்பு உள்ள பெண்கள் இரத்தக் குறைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கர்ப்பிணித் தாய்மார் மருத்துவ மாதுவிடம் கேட்டுவிட்டுச் சேரலாம்.

பயிற்சியின் நடுவில் நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ வலி ஓடுதல், குளிர் வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே நிறுத்தி உட்கார வையுங்கள். முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை விழுந்தாலும், பேச்சுக் குழறினாலும் அது பாரிசவாதத்தின் அடையாளம். இரண்டுக்கும் தாமதிக்காமல் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். மண்டபச் சுவரில் அந்த நம்பரைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

நாற்பது நிமிடப் பாடம்

செவ்வாய், வியாழன் பின்னேரம், ஞாயிறு காலை என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் முன்னால் நின்று எண்ணுவார், மற்றவர்கள் சேர்ந்து எண்ணுவார்கள். எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சைப் பிடித்து வைக்கமாட்டோம்.

1. உடம்பைச் சூடாக்குதல் – 8 நிமிடம். நின்ற இடத்தில் நடை. தோளை முன்னும் பின்னும் சுற்றுதல். கையை மெதுவாக வீசுதல். குளிர் பிரதேசத்தில் இதை விட்டுவிட்டுத் தொடங்கவே கூடாது.

2. கழுத்து. நேராக நின்று, தாடையைக் கீழே குனியாமல் பின்னால் இழுங்கள். ஐந்து எண்ணி விடுங்கள். 8 தடவை. கூடைக் கயிறு முன்னுக்கு இழுத்த கழுத்துக்கு இது மாற்று வேலை.

3. சுவர் தள்ளல். சுவரிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளி நின்று, கைகளை ஊன்றி, நெஞ்சைச் சுவர் பக்கம் கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுங்கள். 10 தடவை.

4. பட்டி இழுத்தல். டியூப்பை நெஞ்சு உயரத்தில் பிடித்து இரண்டு பக்கமும் விரித்து இழுங்கள். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் பின்னால் கிட்டக் கிட்ட வர வேண்டும். 10 தடவை. கொழுந்து பறிக்கிறவர்கள் இதை ஒருநாளும் தவறவிடாதீர்கள்.

5. வாங்கில் உட்கார்ந்து எழும்புதல். கையை ஊன்றாமல் எழும்ப வேண்டும். முடியாதவர்கள் ஊன்றலாம், வெட்கமில்லை. 10 தடவை. தொடை பலமானால் முழங்காலில் விழும் பாரம் குறையும்.

6. குதிகால் தூக்கல். சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பி மெதுவாக இறங்குங்கள். 12 தடவை.

7. இடுப்புத் தூக்கல். பாயில் மல்லாக்கப் படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி, ஐந்து எண்ணி இறக்குங்கள். 8 தடவை. இது நாரிக்குப் பலம்.

8. ஒற்றைக் காலில் நிற்றல். சுவருக்குப் பக்கத்தில், ஒவ்வொரு காலுக்கும் 10 எண்ணும் வரை. வயதானவர்கள் வழுக்கும் படியில் விழாமல் இருக்க இது மிக முக்கியம்.

மூன்றாவதிலிருந்து எட்டாவது வரை ஒரு சுற்று. இரண்டு நிமிடம் ஆறிவிட்டு இன்னொரு சுற்று.

9. நீட்டி விடுதல் – 6 நிமிடம். வாசல் நிலையில் கையை ஊன்றி நெஞ்சை முன்னால் விரியுங்கள். ஒரு காலைப் பின்னால் வைத்துக் கெண்டைக்காலை நீட்டுங்கள். விரல்களையும் மணிக்கட்டையும் மெதுவாகப் பின்னால் வளையுங்கள். ஒவ்வொன்றையும் 20 எண்ணும் வரை பிடியுங்கள். குலுக்கக்கூடாது.

நாள் முழுக்க மலையில் நின்றவர்கள் ஒரு சுற்றோடு நிறுத்தி, நீட்டி விடும் பயிற்சியைக் கூடச் செய்யலாம். உட்கார்ந்து வேலை செய்கிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் இரண்டு சுற்றும் செய்து, மற்ற நாட்களில் ரோட்டில் 30 நிமிடம் வேகமாக நடக்க வேண்டும். வேகம் சரியா என்று அறிய ஒரு லேசான வழி உண்டு. நடக்கும்போது பேச ஏலும், ஆனால் பாட ஏலாது என்றால் அளவு சரி. பேசவே முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள்.

முதல் வாரம் தசை கொஞ்சம் நோகும். இரண்டு மூன்று நாளில் அது போய்விடும். மூட்டுக்குள் குத்தும் வலி வந்தால் மட்டும் அந்தப் பயிற்சியை நிறுத்தி டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

பெண்கள் வர வேண்டுமானால்

இதை நாங்கள் ஆண்களுக்கென்றே எழுதுகிறோம். கவனமாக வாசியுங்கள்.

பெரும்பாலான தோட்டங்களில் கிளப் என்றால் இளைஞர்கள் கெரம் விளையாடும் இடம். ஒரு பெண் உள்ளே போனால் 'இந்த வயசில இது தேவையா?' என்று ஒரு பேச்சு வரும். அந்த ஒரு பேச்சு போதும், அவர் திரும்ப வரமாட்டார். ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது பெண்களுக்கு மட்டும் என்று வையுங்கள். அந்த நேரத்தில் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதும் நக்கல் அடிப்பதும் கூடாது என்பதை இளைஞர் கழகமே பொறுப்பேற்க வேண்டும்.

அடுத்தது நேரம். வேலை முடிந்து வீட்டுக்கு வரும் பெண்ணுக்குத் தண்ணி, விறகு, அடுப்பு, பிள்ளை, துணி என்று இரண்டாவது வேலை தொடங்குகிறது. 'பயிற்சிக்கு வாங்க' என்று நாங்கள் கூப்பிடுவது லேசு. அந்த நாற்பது நிமிடத்துக்கு அடுப்பை யார் பார்ப்பது? வாரத்தில் மூன்று பின்னேரம் வீட்டு ஆண் தண்ணி கொண்டுவந்து, ரொட்டிக்கு மா பிசைந்து, பிள்ளையைப் பார்த்துக்கொண்டால்தான் அந்த வீட்டுப் பெண் மண்டபத்துக்கு வர முடியும். இதில் ஆம்பளைக்குக் குறைவு ஒன்றுமில்லை. மனைவி படுத்துவிட்டால் வீட்டு வேலையும் உங்கள் தலையில்தான், ஒரு சம்பளமும் இல்லை, ஆஸ்பத்திரிச் செலவும் சேரும். இன்றைக்கு நாற்பது நிமிடமா, நாளைக்கு முழு நாளுமா என்று யோசித்துப் பாருங்கள்.

பயிற்சிக்குப் பிறகு வீட்டில்

பயிற்சி செய்துவிட்டுச் சாப்பாட்டைக் கவனிக்காவிட்டால் பாதிப் பலன் போய்விடும். தேத்தண்ணியில் சீனியை வாரத்துக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். உப்பு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கருவாடு, அச்சாறு, பைக்கற்றில் வரும் கடிகள் எல்லாவற்றிலும் உப்பு ஒளிந்திருக்கிறது. சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் விட்டுக் குடியுங்கள். வீட்டுப் பக்கத்தில் வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை எது வருமோ அதை நடுங்கள். வெற்றிலை, புகையிலை, குடி மூன்றும் பயிற்சியின் பலனைத் தின்றுவிடும் என்பதையும் சொல்லாமல் விடமுடியாது.

வீட்டில் கூடிப் பேச

1. நம் வீட்டில் யாருக்கு எந்த இடத்தில் வலி இருக்கிறது? அது எந்த வேலையினால் வந்தது?
2. நம் வீட்டில் பிரஷரும் சீனியும் கடைசியாகப் பார்த்தது எப்போது?
3. வாரத்தில் மூன்று பின்னேரம் வீட்டு வேலையை யார் யார் எப்படிப் பங்கிடலாம்?
4. நம் லயத்தில் இரண்டு வாரமாக வெளியில் காணாத ஆள் யார்? யார் போய்ப் பார்ப்பது?

இந்த மாதம் செய்ய வேண்டியது

ஐந்து பேர் சேருங்கள். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும், ஒருவராவது அறுபது வயதுக்கு மேற்பட்டவராக இருக்கட்டும். ஓர் இடத்தையும் மூன்று நேரத்தையும் தீர்மானியுங்கள். ஒரு கொப்பி வாங்குங்கள். முதல் பக்கத்தில் ஒவ்வொருவருடைய பேர், வயது, பிரஷர், இடுப்புச் சுற்றளவு, எத்தனை தடவை கையூன்றாமல் எழும்ப முடிகிறது என்பதை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கணக்கை மறுபடி எடுங்கள். நிறை குறைந்ததா என்று மட்டும் பார்க்க வேண்டாம். நித்திரை எப்படி, முழங்கால் எப்படி, ஏற்றத்தில் மூச்சு எப்படி என்றும் எழுதுங்கள்.

முதல் நாள் பயிற்சி காட்ட ஆள் இல்லையென்றால் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். நாங்கள் வந்து கூட நின்று செய்து காட்டுவோம். இரண்டாவது நாள் உங்களில் ஒருவர் எண்ண வேண்டும். மூன்றாவது நாள் வராதவர் யார் என்று கொப்பியைப் பார்த்து, அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.